மேடையில் ஸ்லைடு கிட்டார்: இடது கையை விடுங்க, வலது கையைப் பாருங்க

#1 தந்திமாறன்

விரலில் ஒரு குழாயை மாட்டித் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டார் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் எல்லோரும் இடது கையையே பிடித்துக்கொள்கிறார்கள். கண்ணாடியா பித்தளையா, சுண்டு விரலா மோதிர விரலா என்று பக்கம் பக்கமாகச் சண்டை. என் கட்சி வேறு. மேடையில் ஒரு ஸ்லைடுக்காரர் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது வலது கையில் தெரிந்துவிடும்.

விரலால் அழுத்தி வாசிக்கும்போது விரலை எடுத்தால் ஒலி நின்றுவிடும். ஸ்லைடு தந்தியை அழுத்துவதில்லை, மேலாகத் தொட்டுக்கொண்டு போகிறது. அதனால் மீட்டிய தந்தி, மீட்டாத தந்தி, ஸ்லைடுக்குப் பின்னால் தலைப்பக்கம் கிடக்கும் மிச்ச நீளம் எல்லாமே ஒலிக்கத் தயாராக நிற்கும். ஆம்பை (ஒலிபெருக்கியை) முழுசாகத் திருகி வைத்திருக்கும் மேடையில் கேட்கவே வேண்டாம். ஆக, அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரே ஒரு ஸ்வரம் சுத்தமாக வந்து விழுகிறது என்றால், மற்ற ஐந்து தந்திகளையும் யாரோ அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். முன்பக்கத்தை வலது கை விரல்களும் உள்ளங்கை ஓரமும் பார்த்துக்கொள்கின்றன. பின்பக்கத்துக்கு, இடது கையில் ஸ்லைடைத் தொடர்ந்து வரும் விரல்கள். ஸ்டுடியோ என்றால் இன்னொரு முறை வாசிக்கலாம், ஒட்டலாம், வெட்டலாம். மேடையில் அதற்கு வழியில்லை. அதனால்தான் லைவ் மட்டும் கேட்கிறேன்.

உதாரணத்துக்கு ஒன்று. 1971 மார்ச் 12, 13 தேதிகளில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் வாசித்ததை டாம் டவ்ட் ஆல்பமாக்கினார். முதல் பாட்டு 'ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்'. பிளைண்ட் வில்லி மெக்டெல் 1928-இல் பதிவுசெய்த பாட்டு. பேண்டின் பெயரைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒன்றாக இறங்குகிறார்கள், அதற்கு மேலே டுவேன் ஆல்மனின் ஸ்லைடு. கிட்டார் ஓப்பன் இ ட்யூனிங்கில் (தந்திகளைச் சும்மா மீட்டினாலே இ என்ற சுருதியில் ஒத்து ஒலிக்கும்படி கட்டுவது), பாட்டின் சுருதி டி. அதனால் அவருடைய ஷட்ஜம் 12-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் இருக்கும் மெட்டுக் கம்பி) இல்லை, 10-இல் உட்கார்ந்திருக்கிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த முதல் வரிகளை மட்டும் கேளுங்கள். ஏறிப்போய் ஒரு ஸ்வரத்தைத் தொடுகிறார், டக்கென்று வெட்டுகிறார். வால் கிடையாது. வெட்டிய இடத்தில் டிரம்ஸ் தெளிவாகக் கேட்கிறது. பாட்டு துள்ளுவதற்குக் காரணம் அவர் வாசித்த ஸ்வரங்களில் பாதி என்றால், இந்த வெட்டு மீதிப் பாதி.

அப்போது அவருக்கு வயது 24. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். ஸ்லைடைத் தீவிரமாகக் கையில் எடுத்து மூன்று வருடம் முழுசாக ஆகவில்லை.

சரி, உங்கள் ஆட்கள் யார்? பெயர் மட்டும் போடாதீர்கள், எந்த மேடை, எதைக் கவனிக்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

#2 பேஸ்மன்னன்

வந்துட்டாருய்யா வலது கை கட்சித் தலைவர்.

டெரெக் டிரக்ஸ் பெயரைச் சொல்லாமல் ஒரு பதிவை முடித்திருக்கிறீர்களே, உடம்பு கிடம்பு சரியில்லையா?

#3 டொராண்டோ தவம்

டெரெக்கை நான் மேடையில் பார்த்திருக்கிறேன், டெடெஸ்கி டிரக்ஸ் பேண்டோடு. மாறன் சொல்லும் வலது கை விசயத்துக்கு அவரை விடச் சாட்சி கிடைக்காது.

முதலில் ஆள் எப்படி நிற்கிறார் என்று சொல்ல வேண்டும். அசையவே மாட்டார். முகத்தைச் சுளிப்பதில்லை, கையைத் தூக்கிக் காட்டுவதில்லை, மைக் பக்கம் போவதே இல்லை. பாடுவதும் பேசுவதும் மனைவி சூசன் டெடெஸ்கி. இவர் ஒரு கிப்சன் எஸ்ஜி கிட்டாரைப் போட்டுக்கொண்டு ஆம்ப் பக்கத்தில் பேசாமல் நிற்பார். காலுக்குக் கீழே ஒலியை மாற்றும் பெடல் வரிசை ஒன்றும் கிடையாது, கிட்டாரில் இருந்து வயர் நேரே ஆம்புக்குள் போகிறது. மீட்டுவதற்கு பிக் என்ற வில்லையும் இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மீட்டின விரல் திரும்ப வந்து அதே தந்தியில் படுத்துக்கொள்ளும். அதுதான் வெட்டு. எனக்கு இடம் கொஞ்சம் பக்கவாட்டில் கிடைத்ததால் இதை வடிவாகப் பார்க்க முடிந்தது. சோலோ உச்சத்துக்குப் போகும்போது சனம் எழும்பி நின்று கத்துகிறது, அந்த மனிதரின் விரல்கள் மட்டும் சின்னச் சின்னதாக அசைந்துகொண்டிருக்கின்றன.

தெரியாதவர்களுக்கு: ஆல்மன் பிரதர்ஸ் டிரம்மர் புட்ச் டிரக்ஸ் இவருடைய பெரிய தந்தையோ சித்தப்பாவோ முறை. 1979-இல் பிறந்தவர், அதாவது டுவேன் போய் எட்டு வருடம் கழித்து. 1999-இல் அதே பேண்டில் சேர்ந்து டுவேன் வாசித்த பகுதிகளை வாசித்தார். 2014 அக்டோபர் 28 அன்று நியூயார்க் பீக்கன் தியேட்டரில் அந்த பேண்டின் கடைசிக் கச்சேரி. அது நள்ளிரவைத் தாண்டிப் போனதால் 29-ஆம் தேதி ஆகிவிட்டது. டுவேனின் நினைவு நாள்.

#4 புதுசு

அண்ணன்மாரே, நான் இதில் ஒன்றும் தெரியாதவன். டுவேன் ஏதோ மாத்திரை பாட்டிலை வைத்து வாசித்தார் என்று எங்கேயோ படித்தேன். உண்மையா, கதையா? அப்புறம் ஒரு கேள்வி, ஃப்ரெட் இருக்கிற கிட்டாரில் ஃப்ரெட்டையே தொடாமல் வாசித்தால் சுருதி எப்படிச் சேரும்?

#5 தந்திமாறன்

புதுசு தம்பி, மாத்திரை பாட்டில் உண்மைதான். 1968 நவம்பரில் டுவேனுக்கு 22-ஆவது பிறந்த நாள், ஆள் சளி பிடித்துக் கிடக்கிறார். தம்பி கிரெக் இரண்டு பொருளோடு வருகிறார். ஒன்று கோரிசிடின் என்ற சளி மாத்திரை, கண்ணாடி பாட்டிலில். இன்னொன்று தாஜ் மஹால் என்ற பாடகரின் முதல் ஆல்பம். அதில் 'ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்' இருந்தது, ஸ்லைடு வாசித்தவர் ஜெஸ்ஸி எட் டேவிஸ். டுவேன் மாத்திரையைக் கொட்டிவிட்டு, லேபிளைக் கழுவி எடுத்துவிட்டு, பாட்டிலை மோதிர விரலில் மாட்டிக்கொண்டார். இன்றைக்கு அதே அளவில் பாட்டில் செய்து ஸ்லைடு என்றே விற்கிறார்கள். டெரெக்கிடம் இருப்பதும் அந்த வகைதான்.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. விரலால் அழுத்தும்போது இரண்டு ஃப்ரெட் கம்பிகளுக்கு நடுவில் எங்கே அழுத்தினாலும் கம்பி சுருதியைத் தீர்மானித்துவிடும். ஸ்லைடு வைத்தால் அந்த வசதி போச்சு. ஸ்லைடு சரியாகக் கம்பிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். நடுவில் வைத்தால் சுருதி இறங்கிவிடும். கம்பி வெறும் அடையாளம்தான், மிச்சமெல்லாம் காது. ஆம்ப் சத்தம், கூட்டம், வேர்வை, பக்கத்தில் இரண்டு டிரம்மர்கள், இத்தனைக்கும் நடுவில் அந்த மயிரிழையைப் பிடிக்க வேண்டும். அதிலும் பெரும்பாலோர் ஸ்வரத்துக்கு நேராகப் போய் நிற்பதில்லை, கொஞ்சம் கீழே இறங்கி, அங்கிருந்து ஏறி, மேலே போய் அதிரவிடுவார்கள்.

#6 வீணைமீனா

இந்த இழையை ரொம்ப நேரமாக ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ப்ளூஸ் என்ற இந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர் இசை எனக்குப் புதிது, வீணை கொஞ்சம் தெரியும். நீங்கள் சொல்லும் ஓப்பன் இ-யை எழுதிப் பார்த்தேன். தடிமனான தந்தியில் இருந்து ச, ப, ச, க, ப, ச. காந்தாரம் அந்தர காந்தாரம். இப்படிச் சொன்னால் எங்கள் ஆட்கள் யாருக்கும் உடனே புரிந்துவிடுமே, ஏன் எல்லா இடத்திலும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பயமுறுத்துகிறார்கள்?

மாறன் சார் சொன்ன பாட்டைக் கேட்டேன். என்னை அதிகம் இழுத்தது அந்த காந்தாரம். பாட்டு முழுக்க அது அந்தர காந்தாரத்திலும் நிற்கவில்லை, சாதாரண காந்தாரத்திலும் நிற்கவில்லை. கீழிருந்து கிளம்பி மேலே போகும் வழியில் ஓர் இடத்தில் ஆடுகிறது. மேலே தொடப்போகிறார் என்று காது எதிர்பார்க்கும் நேரத்தில் விட்டுவிடுகிறார். ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தால் இரண்டு காந்தாரத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், தந்தியை இழுத்து வளைத்தால்தான் நடுவில் போகலாம். ஸ்லைடுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. பாடுகிறவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள், கருவி அவர்கள் பக்கத்தில் போய் நிற்கிறது.

நம்மிடம் சித்திரவீணை இருக்கிறது. மெட்டே கிடையாது, கட்டையை வைத்து வழுக்கித்தான் வாசிப்பார்கள். கோட்டுவாத்தியம் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். செம்மங்குடி சின்ன வயதில் பாடம் கேட்டவர்களில் ஒருவரான திருவிடைமருதூர் சகாராம ராவ் கோட்டுவாத்திய வித்வான்தான். இதை ஏன் இங்கே கொண்டுவருகிறேன் என்றால், மாறன் சார் சொன்ன அதே தாஜ் மஹால் 1995-இல் ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார். கூட வாசித்தவர்கள் மோகன வீணை விஸ்வ மோகன் பட், சித்திரவீணை என். ரவிகிரண். டுவேனை ஸ்லைடு எடுக்கவைத்த பாடகர் நம்ம ஊர் கட்டைச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ப்ளூஸ் பாடியிருக்கிறார். கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

#7 பேஸ்மன்னன்

மீனா அக்கா ஒரே பதிவில் மாறனுடைய கட்சியைக் கலைத்துவிட்டார். இப்போது எல்லோரும் காந்தாரக் கட்சி.

#8 சிகாகோ சங்கர்

கலைக்கிற வேலையை நான் முடித்துவைக்கிறேன். மாறன், உங்கள் கணக்குப்படி ஹவுண்ட் டாக் டெய்லர் எங்கே வருவார்? அவர் எதையும் அடக்கியதே இல்லையே!

ஆள் 1915-இல் மிசிசிப்பியின் நாட்செஸ் ஊரில் பிறந்தவர், இடது கையில் ஆறு விரல். 1942-இல் சிகாகோ வந்தார். ஜப்பானில் செய்த மலிவு கிட்டார், எப்போது உடையுமோ என்று கேட்கும் ஆம்ப், விரலில் இரும்புக் குழாய். ஞாயிற்றுக்கிழமை மதியம் சவுத் சைடில் ஃப்ளாரன்ஸஸ் என்ற சின்ன பாரில் வாசிப்பார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் தரையை மிதித்துக்கொண்டு, கேட்க வந்தவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு. அதைப் பார்த்த புரூஸ் இக்லாயர் என்ற இளைஞர், தான் வேலை பார்த்த இசைத்தட்டுக் கம்பெனி இவரைப் பதிவுசெய்ய முன்வராததால், தனக்கு வந்த 2,500 டாலர் பரம்பரைப் பணத்தைப் போட்டு 1971-இல் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸை ஆரம்பித்தார். ஒரு கம்பெனியே இந்த ஒரு மனிதருக்காகத் தொடங்கியது!

அவருடைய லைவ் ஆல்பம் ஒன்று இருக்கிறது, 1974-இல் பதிவானது. ஆனால் அது வெளிவந்தபோது அவர் இல்லை, 1975-இல் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. போட்டுக் கேளுங்கள். எல்லாத் தந்தியும் கத்தும், ஸ்லைடு ஃப்ரெட்டில் இடிக்கும், ஸ்வரம் எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். ஆனால் காலைச் சும்மா வைத்திருக்க உங்களால் முடியாது. தான் செத்த பிறகு ஊர் என்ன சொல்லும் என்று அவரே சொல்லியிருக்கிறார்: அவனுக்கு வாசிக்கவே வராது, ஆனால் கேட்க நன்றாக இருக்கும் என்று.

இப்போதும் அந்த வழி செத்துப்போகவில்லை. அலிகேட்டரில் லில் எட் என்று ஒருவர். மாமா ஜே.பி. ஹட்டோவிடம் கற்றவர். கார் கழுவும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை, ஒரு தொகுப்புக்கு இரண்டு பாட்டு வாசிக்க ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார்கள். பேண்டோடு போய் மூன்று மணி நேரத்தில் 30 பாட்டை வாசித்துத் தள்ளிவிட்டார். இரண்டாவது டேக் கிடையாது. நான் அவரை ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பாரில் பார்த்தேன். தலையில் மினுமினுக்கும் ஃபெஸ் என்ற குல்லாய், கிட்டாரோடு மேடையை விட்டு இறங்கி, மேசைகளுக்கு நடுவில் முதுகை வளைத்துத் தரையைத் தொடப்போகிற அளவுக்குச் சாய்ந்து, அந்த நிலையில் ஸ்லைடு. சத்தியமாக வலது கையைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

#9 தந்திமாறன்

சங்கர், வாங்க வாங்க. இதற்காகத்தான் இழையைத் திறந்தேன்.

ஹவுண்ட் டாக் பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் ப்ளூஸ் ஸ்லைடில் இரண்டு கிளை இருப்பதை மறந்துவிடாதீர்கள். ஒன்று எல்மோர் ஜேம்ஸ் கிளை. 1951-இல் ஜாக்சனில் பதிவான 'டஸ்ட் மை புரூம்', திறந்த ட்யூனிங், 12-ஆம் ஃப்ரெட்டில் மொத்தக் கார்டையும் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) மும்மூன்றாக அடித்து விளாசுவது. ஹட்டோ, ஹவுண்ட் டாக், உங்கள் லில் எட் எல்லோரும் அதில் வருகிறார்கள்.

இன்னொன்று டாம்பா ரெட், அவரிடமிருந்து ராபர்ட் நைட்ஹாக், அவரிடமிருந்து ஏர்ல் ஹூக்கர். இவர்கள் ஒற்றைத் தந்திக்காரர்கள். ஏர்ல் ஹூக்கர் ட்யூனிங்கையே மாற்றுவதில்லை, சாதாரண ட்யூனிங், விரலில் குட்டை இரும்புக் குழாய். ஸ்லைடும் விரலும் ஒரே வரியில் மாறி மாறி வரும். சிகாகோ ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸின் 'யூ ஷுக் மீ' பாட்டில் வரும் ஸ்லைடு இவர் தனியாகப் பதிவுசெய்து வைத்திருந்த டிராக்தான், அதன் மேல் மட்டி பாடினார். புகழ்பெற்ற ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங்கே ஸ்லைடில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லியிருக்கிறார். 1969-இல் ஐரோப்பா முழுக்கச் சுற்றி வாசித்தார், 1970 ஏப்ரலில் காசநோயில் இறந்தார். நாற்பதை ஒட்டிய வயது. அந்த ஐரோப்பியச் சுற்றின் படத்துண்டைப் பாருங்கள், ஸ்லைடு வைத்த கை எவ்வளவு குறைவாக நகர்கிறது என்று.

டுவேன் பாட்டை எல்மோர் கிளையில் எடுத்தார், ஃபில்மோர் ஆல்பத்தின் இரண்டாவது பாட்டே எல்மோருடையது. ஆனால் வெட்டிப் பேசும் சுத்தம் இரண்டாவது கிளை. என் வாதம் அதில்தான்.

#10 வீணைமீனா

சங்கர் சார் சொன்னதையும் கேட்டேன். ஒரு சந்தேகம். அந்த பேண்டில் பேஸ் கிட்டார் இல்லையா? கீழே யாரோ வாசிப்பது கேட்கிறது, ஆனால் பேஸ் மாதிரி இல்லை.

#11 சிகாகோ சங்கர்

அக்காவுக்குக் காது! பேஸ் கிடையாது. மொத்தமே மூன்று பேர். ஹவுண்ட் டாக், டிரம்ஸில் டெட் ஹார்வி, இரண்டாவது கிட்டாரில் புரூவர் பிலிப்ஸ். பிலிப்ஸ்தான் சாதாரண கிட்டாரில் பேஸ் வரிகளை வாசித்துக்கொண்டிருப்பார்.

#12 வீணைமீனா

அப்படியென்றால் அவர் அடக்காமல் விடுவது சோம்பேறித்தனம் இல்லை. மூன்று பேர் ஒரு பாரை நிரப்ப வேண்டும். தந்திகள் ச-ப-ச-க-ப-ச என்று கட்டியிருப்பதால் கூடவே ஒலிப்பதெல்லாம் சுருதிக்குள்தான் இருக்கும், தம்புரா வேலையையும் சேர்த்து அதே கிட்டார் பார்க்கிறது. டுவேனுக்குப் பின்னால் இன்னொரு கிட்டார், ஆர்கன், பேஸ், இரண்டு டிரம்ஸ். அங்கே இவரும் எல்லாத் தந்தியையும் ஒலிக்கவிட்டால் சேறாகிவிடும்.

#13 தந்திமாறன்

ஆக எதை அடக்குவது, எதை விடுவது என்று முடிவெடுப்பது…

#14 சிகாகோ சங்கர்

வலது கைதான். தெரியும் சார். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்பீர்கள்.

#15 பழைய இசைத்தட்டு

மின்சாரத்துக்கு முன்னால் போகாமல் இந்த இழை முடிந்துவிடுமோ என்று பயந்தேன். சன் ஹவுஸ் பெயரை யாரும் எடுக்கவில்லையே.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பிரசங்கியார், பிறகு ப்ளூஸ்காரர். 1930-இல் விஸ்கான்சினில் போய்ச் சில தட்டுகள் பதிவுசெய்தார், அவ்வளவாக விற்கவில்லை. 1941, 42-இல் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் மிசிசிப்பிக்கு வந்து இவரைப் பதிவுசெய்தார். அடுத்த வருடமே நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டருக்குக் குடிபோய் வாசிப்பையும் விட்டுவிட்டார். 1964-இல் மூன்று இளைஞர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது அவர் வீட்டில் கிட்டார்கூட இல்லை. பழைய தட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்த ஆலன் வில்சன் என்ற பையன் எதிரே உட்கார்ந்து, அவருடைய பாட்டை அவருக்கே வாசித்துக் காட்டி, கைக்குத் திரும்பக் கொண்டுவந்தான். அந்தப் பையன்தான் பிறகு கேன்ட் ஹீட் பேண்டில் பாடியவன்.

அதற்குப் பிந்தைய கறுப்பு வெள்ளைப் படங்களில் 'டெத் லெட்டர்' வாசிப்பதைத் தேடிப் பாருங்கள். இரும்பு உடம்பு நேஷனல் கிட்டார், ஓப்பன் ஜி, மீனா அம்மா கணக்கில் ப-ச-ப-ச-க-ப. ஆம்ப் கிடையாது, எதிரே ஒரு மைக் மட்டும். மாறன் வலது கை என்கிறார் இல்லையா, இது இன்னொரு வகை வலது கை. மீட்டுவது என்றே சொல்ல முடியாது. பறை அடிப்பது மாதிரி கை மேலே போய் வந்து விழுகிறது. விழும்போது விரல் தந்தியைக் கொக்கி போட்டு இழுத்து விடுகிறது, தந்தி ஃப்ரெட்டில் அறைந்து சத்தம் போடுகிறது. ஸ்லைடு மேல்தந்திக்கு ஓடிப்போய் ஓர் அலறல் போட்டுவிட்டு உடனே விலகுகிறது. பாடுகிற வரியை அவர் பாதியில் விடுகிறார், மிச்சத்தைக் கிட்டார் சொல்கிறது. காதலி செத்த செய்தியோடு வந்த கடிதம் பற்றிய பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்க்கிறார், அடுத்த வரியில் திடீரென்று நிமிர்கிறார். இவ்வளவு நடக்கும்போதும் தாளம் கட்டுக்குலையவில்லை. வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, ஆனால் அது தடுமாற்றம் இல்லை.

இவரிடம் கற்றவர் மட்டி வாட்டர்ஸ். மட்டியின் மேடை ஸ்லைடு வேண்டும் என்றால் 1969-இல் சிகாகோவில் பதிவான 'லாங் டிஸ்டன்ஸ் கால்' கேளுங்கள். ரொம்பக் கொஞ்சம்தான் வாசிப்பார், அதுவும் மேல்தந்தியில். ஒரு ஸ்வரத்தை எடுத்து அதிரவிட்டுக் கூட்டத்தைப் பார்ப்பார். கூட்டம் கத்தும்.

ஸ்லைடே வாசிக்காத பி.பி. கிங்கின் அந்த விரல் நடுக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? உறவுக்காரர் புக்கா வைட் ஸ்லைடில் வரவழைத்த ஒலி அவருக்குப் பிடித்துப்போனது. ஸ்லைடு கைக்கு வரவில்லை, வெறும் விரலால் அதை வரவழைக்கப் பார்த்தார்.

#16 பேஸ்மன்னன்

ஐயா, அருமை. ஆனால் இவ்வளவு ஆண்களைச் சொல்லிவிட்டு பானி ரெய்ட்டை விட்டுவிட்டால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. என் மனைவிக்கு அவர்தான் தெய்வம்.

மிசிசிப்பி ஃபிரெட் மெக்டவலிடம் நேரில் உட்கார்ந்து கற்றவர் பானி. ஃபிரெட் ஒரு காலத்தில் மாட்டு விலா எலும்பை ஸ்லைடாக வைத்து வாசித்த மனிதர், 1959-இல் லோமாக்ஸ் வந்து பதிவுசெய்யும்வரை வயலில் வேலை. அவரிடமிருந்து இந்தப் பெண்ணுக்கு வந்தது ஆட்டம் போடவைக்கும் தாளம். மற்றபடி இவர் வாசிப்பது தனி ரகம். கண்ணாடி ஸ்லைடை நடுவிரலில் போட்டிருப்பார், வேறு யாரும் அவ்வளவாக அப்படிப் போடுவதில்லை. 1969-இல் 120 டாலருக்கு வாங்கிய பழுப்பு ஸ்ட்ராடோகேஸ்டர் கிட்டாரை இன்னும் மேடைக்குக் கொண்டுவருகிறார். கவனிக்க வேண்டியது என்று கேட்டால், அவர் பாடும்போது ஸ்லைடு பெரும்பாலும் சும்மா இருக்கும். வரி முடிந்ததும் ஒரே ஒரு ஸ்வரம், கொஞ்சம் ஆட்டம், முடிந்தது. குரல் எங்கே நின்றதோ அதே இடத்தில் ஸ்லைடு எடுத்துக்கொள்ளும்.

ஜோவானா கானரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூப்போட்ட கவுனில் ஓர் அம்மா லெஸ் பால் கிட்டாரில் வெளுத்து வாங்கும் வீடியோ ஒன்று எல்லோர் போனிலும் வந்திருக்குமே, அவர்தான். 2014-இல் மெய்ன் மாநிலத்தில் ஒரு ப்ளூஸ் விழாவில் எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு "யாரோ வீட்டுக்காரம்மா திடீரென்று வாசிக்கிறார்" என்று பகிர்ந்தார்கள். திடீரெல்லாம் இல்லை, அவர் பல பத்தாண்டுகளாக சிகாகோ கிளப்களில் விடிய விடிய வாசித்தவர்.

#17 வீணைமீனா

தவம் சார், டெரெக் டிரக்ஸ் விரலால் மீட்டி அதே தந்தியில் அடக்குகிறார் என்றீர்கள். அவர் ஹிந்துஸ்தானி கேட்டிருக்கிறாரா? நேற்று ஒரு லைவ் சோலோ கேட்டேன். முதலில் கீழ் ஸ்தாயியில் மெதுவாக ஓரிரண்டு ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார், அவசரமே இல்லை. ஆலாபனை மாதிரி எடுத்தார்.

#18 டொராண்டோ தவம்

கேட்டிருக்கிறார், நிறைய. அலி அக்பர் கானின் சரோதும் நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவ்வாலியும் தன்னைப் பாதித்ததாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். 2006 ஆல்பத்தில் ஒரு கவ்வாலியையே எடுத்து வாசித்திருக்கிறார். சரோதிலும் மெட்டு இல்லை, நகத்தை வைத்து வழுக்குவது. நீங்கள் கேட்ட அந்த அவசரமில்லாமை அங்கிருந்து வந்ததாகத்தான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் ஒரு குறை சொல்ல வேண்டும். சில இரவுகளில் அவர் அளவுக்கு மீறிச் சுத்தம். சங்கர் சொல்லும் பாரில் கிடைக்கும் ஒரு இடி, ஒரு உரசல், அது அவரிடம் கிடைக்காது.

#19 பேஸ்மன்னன்

தவம், இதைத் தனி இழையில் எழுதியிருந்தால் உங்களை உயிரோடு விட்டிருக்க மாட்டேன். இங்கே பெரியவர்கள் இருப்பதால் தப்பித்தீர்கள்.

#20 புதுசு

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கையில் இருக்கும் சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில் முயற்சி செய்தேன். ஸ்லைடு வைத்தால் ஃப்ரெட்டில் இடித்து லொடலொடவென்று சத்தம். குழாய் தப்பா, கிட்டார் தப்பா?

#21 தந்திமாறன்

குழாய் எதுவானாலும் பரவாயில்லை. கண்ணாடி கொஞ்சம் மென்மை, பித்தளையும் இரும்பும் கொஞ்சம் கூர்மை, கனம் கூடினால் ஒலி நீளும். லிட்டில் ஃபீட் பேண்டின் லோவல் ஜார்ஜ் மெக்கானிக் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பேனர் சாக்கெட்டையே விரலில் மாட்டி வாசித்தார். அந்த பேண்டின் 1977 லண்டன், வாஷிங்டன் மேடைகளில் பதிவான லைவ் ஆல்பம் இந்த இழையில் விட்டுப்போன பெரிய பெயர், அதையும் குறித்துக்கொள்.

உன் பிரச்சினை தந்தி உயரம். பாலத்தில் இருக்கும் திருகைத் திருகித் தந்தியைக் கொஞ்சம் தூக்கு. மேல் இரண்டு தந்தியாவது ஒரு சுற்று கனமானதாக மாற்று, மெல்லிய தந்தி ஸ்லைடு பட்டதும் குழிந்துபோகும். ஸ்லைடை அழுத்தாதே. அப்புறம் ஸ்லைடு போடாத இடது விரல்களை ஸ்லைடுக்குப் பின்னால் தந்திமேல் சும்மா படுக்க வை, லொடலொடப்பில் பாதி அங்கேயே போய்விடும்.

#22 புதுசு

சரி அண்ணா. வலது கை?

#23 சிகாகோ சங்கர்

கேட்டுட்டான்யா. இனி பத்துப் பதிவு அவருதான்.